காதை மூடிக்கொண்டு கேட்ட கச்சேரி

சி ரூசா கடற்கரை மைதானத்தின் வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. சிரித்தது தப்பு என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் சேறு. வரிசையில் எல்லாரும் கறுப்புச் சட்டை. நரைத்த முடியை ரப்பர் போட்டுக் கட்டியவர்கள், முடியே இல்லாதவர்கள், தொப்பை தள்ளியவர்கள், முக்காடு போட்ட அம்மாக்கள். நானும் கறுப்புச் சட்டைதான். ஆனால் என் தலையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு காதுமூடி இருந்தது. தொழிற்சாலையில் இரும்பு வெட்டும் இடத்தில் மாட்டுவார்களே, அதுதான். இரண்டு பக்கமும் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி.

அந்தப் பெண் மலாயில் ஏதோ கேட்டாள். மூடிக்குள் எனக்குக் கேட்கவில்லை. என் மனைவி செல்வி பதில் சொன்னாள். பெண்ணின் முகம் மாறியது. இரண்டு கையாலும் வழிவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து, உள்ளே போகச் சொன்னாள்.

நாலு எட்டு தள்ளிப் போனதும் மூடியின் இடப்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டேன்.

"என்னா கேட்டா அவ?"

"பாட்டு கேக்க வந்துட்டு பாக்சிக் ஏன் காத மூடியிருக்காருன்னு கேட்டா." வயதில் பெரியவரை மலாயில் பாக்சிக் என்பார்கள்.

"நீ என்னா சொன்னே?"

"கேக்கணும்னுதான் மூடியிருக்காருன்னு சொன்னேன். நடங்க, வழுக்கப் போவுது."

போன வாரம் இந்தப் பத்தியில், தோட்டத்து லயத்து வீட்டில் வெள்ளம் புகுந்த கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அந்தத் தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டது, அது காத்திருக்கும். இந்தக் கதை அப்படியில்லை. நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. சூடு இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

லோரியில் வந்த சத்தம்

நான் பிறந்து வளர்ந்தது சுவா பக்கத்தில் ஒரு தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டு. எனக்குப் பதினெட்டு வயது ஆனபோது ரப்பரில் பாதியை அழித்துச் செம்பனை போட்டிருந்தார்கள். பழக்குலைகளை லோரியில் ஏற்றுவது என் வேலை.

லோரி ஓட்டி வந்தவர் ஹாசிம் என்ற மலாய்க்காரர். மெலிந்த ஆள். பேச்சு குறைவு. அவருடைய லோரி வருவது வளைவு திரும்பும் முன்பே எங்களுக்குத் தெரியும். இருக்கைக்குப் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் கட்டியிருந்தார்.

எங்கள் தோட்டத்தில் அதுவரை எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டும், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் போட்ட சாமி பாட்டும்தான். அவை எனக்குப் பிடிக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஹாசிமின் லோரியிலிருந்து வந்தது வேறு. கித்தார் சத்தம் பனைகளுக்கு நடுவில் அறுத்துக்கொண்டு போனது. குத்துக்கம்பியில் குலையைக் குத்தித் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"கிலாட் செலாத்தான்" என்றார். தெற்கத்தி மின்னல் என்று பொருள். அஞ்சு பேர். எல்லாரும் நம்மைப் போல வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். பாடுகிறவனுடைய அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றுகிறவர். இதையெல்லாம் ஹாசிம் சொன்ன விதத்தில், அவர்கள் அவருடைய சொந்தத் தம்பிகள் என்று நினைத்துவிடலாம்.

மத்தியானம் அவர் மரத்தடியில் சாப்பிடும்போது நான் லோரிக்குள் ஏறி உட்கார்ந்து கேசட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்பேன். சோறு தூக்கில் ஆறிப்போகும். 'டெபு' என்று ஒரு பாட்டு; தூசி என்று அர்த்தம். ஊரை விட்டுப் போகிறவன் செருப்பிலிருக்கும் தூசியைத் தட்டாமலே போகிற பாட்டு. 'லோரி தெராக்கிர்' என்று ஒன்று, கடைசி லோரி. அதை ஹாசிமுக்காகவே பாடினார்கள் என்று நம்பினேன்.

அந்தப் பாடகன் மாதிரி முடி வளர்த்தேன். தோள் வரை வந்தது. விடிகாலை பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் என்னை வெளியே இழுத்தார்.

"முடிய வெட்டிட்டு வா. இல்லாட்டி வேல கிடையாது."

மறுநாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். மண்டோர் துண்டைப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

"துண்டு அவுந்துச்சுன்னா நீ காலி" என்றார்.

ஐந்து மாதம் அந்தத் துண்டு அவிழவில்லை. வெயிலில், மழையில், குலை தூக்கும்போது, எதிலும். கடைசியில் அந்த முடியை நானாகவே வெட்டினேன். சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலைக்கு நேர்முகம் போனபோது, "இந்த மெஷின்ல முடி சிக்குனா தலையோட இழுத்துக்கும்" என்றார் ஒரு சீன சூப்பர்வைசர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று சாயங்காலமே வெட்டிவிட்டேன்.

மூன்று தடவை

அவர்களை நேரில் பார்க்க மூன்று தடவை கிளம்பியிருக்கிறேன்.

முதல் தடவை சிரம்பான் மைதானத்துக்கு. ஹாசிமும் நானும் அவருடைய மோட்டரில் போனோம். ரந்தாவ் தாண்டியதும் செயின் அறுந்தது. மாறி மாறித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் கலைந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தே கச்சேரி எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது தடவை மலாக்காவுக்கு. மைதானம் வரை போய்விட்டோம். பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று மேடையில் ஒருவர் வந்து சொன்னார்.

மூன்றாவது தடவை நான் பஸ் நிலையத்தில் நின்றபோது, செல்விக்கு வலி எடுத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னார். அன்றைக்குத்தான் என் மகள் கவிதா பிறந்தாள். அந்தத் தடவை போகாததற்கு மட்டும் எனக்கு வருத்தமே கிடையாது.

அப்புறம் குழு பிரிந்துவிட்டது. ஒருவருக்கு ஒருவர் பேச்சில்லை என்றார்கள். ஹாசிம் வேலையை விட்டுச் சொந்த ஊரான கிளந்தானுக்கே போய்விட்டார். கேசட் போய் சீடி வந்தது, சீடி போய் ஃபோன் வந்தது. பாட்டு மட்டும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போட்டதும் செல்வி சமையலறையிலிருந்து சொல்வாள்: "இது என்னா பாட்டா, வீட்ட இடிக்கிறாங்களா? சத்தத்த கொறைங்க லா."

குறைப்பேன். அவள் துணி காயப்போடப் போனதும் ஏற்றுவேன்.

வலது காது, இடது காது

சுங்கை காடுட்டில் என் வேலை தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கும் பிரஸ் மெஷினில். ஒரே அறை, பதினாறு மெஷின். முதல் நாளே காதுமூடி கொடுத்தார்கள். மாட்டச் சொல்லிச் சுவரில் படமும் ஒட்டியிருந்தார்கள்.

நான் வலப்பக்கத்தை எப்போதும் விலக்கியே வைத்திருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அச்சு நகர்ந்தால் மெஷின் சத்தம் லேசாக மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டவன் கையை இழுத்துக்கொள்வான். எனக்கு அடுத்த மெஷினில் இருந்தவர் ஒழுங்காக இரண்டு காதையும் மூடியிருந்தார். இரண்டு விரலை இழந்தார். அதைப் பார்த்த பிறகு யார் சொன்னாலும் நான் கேட்கவில்லை. என் பத்து விரலும் இன்றைக்கும் இருக்கின்றன. காதுதான் போனது.

வலது காது முதலில் போனது. பிறகு இடது பாதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், கவிதா பிடிவாதமாக அழைத்துப்போய் இடது காதுக்குக் கருவி வைக்க வைத்தாள். பேச்சு கேட்டது. ஆனால் பாட்டு?

வீட்டுக்கு வந்து முதல் காரியமாக 'டெபு' போட்டேன். தகரக் கூரையில் யாரோ ஆணியைக் கொட்டுவது போல இருந்தது. எது கித்தார், எது குரல் என்றே பிரியவில்லை. எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீடு அமைதியாக இருந்தது.

அந்த நிலையில்தான் ஒருநாள் ஃபோனில் அந்தப் படம் வந்தது. கிலாட் செலாத்தான் மறுபடியும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். கடைசியாக ஒரு சுற்று, சில ஊர்கள் மட்டும். அதில் ஒன்று சி ரூசா.

எப்படிப் போவது

ஃபோனில் டிக்கெட் எடுக்க எனக்கு வராது. சிரம்பானில் ஒரு கடையில் நேரிலேயே கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலை ஏழு மணிக்கே போய்க் கதவு முன்னால் நின்றேன். கடை திறப்பது பத்துக்கு. நான்தான் முதல் ஆள். எனக்குப் பின்னால் யாருமே இல்லை என்பது வேறு விஷயம்.

டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் காதைச் சோதிக்கும் தர்ஷினியிடம் போனேன். சின்னப் பெண், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வாள். அன்றைக்கும் அழுத்தினேன். அழுத்தாமல் காத்திருந்த நேரம்தான் அதிகம்.

"அங்கிள், ரைட் சைட் ஒன்னுமே இல்ல. லெஃப்ட்ல இருக்கிறத நாம பத்திரமா வச்சுக்கணும். பெரிய சத்தம் பக்கமே போவாதீங்க."

டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவள் அதை வாசித்தாள். "இது ராக் கான்சர்ட்."

"ஆமா."

"போலாமான்னு கேக்குறீங்களா?"

"இல்லம்மா. போறேன். எப்படிப் போறதுன்னு சொல்லு."

டிக்கெட்டை என்னிடமே திருப்பித் தந்தாள். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள். காதுக்குள் பஞ்சு அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, இரண்டும் சேர்த்து. ஸ்பீக்கருக்கு நேராக நிற்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் நடந்து போய்விட்டு வர வேண்டும். கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட வேண்டும்.

"இவ்ளோ அடச்சா உங்களுக்கு ஒன்னும் கேக்காது அங்கிள்."

"கேக்காட்டி பாத்துட்டு வர்றேன்."

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கவிதா அப்போது ஆறு மாதக் கர்ப்பம். நீலாயிலிருந்து வந்தவள் நின்றபடியே பேசினாள்.

"அப்பா, உங்களுக்கு என்னா பைத்தியமா? இருக்கிறதே அரைக் காது. அதையும் கொண்டுபோய் அங்க குடுத்துட்டு வரப் போறீங்களா?"

"மூடிக்கிட்டுத்தான்லா போறேன்."

"மூடிக்கிட்டுப் போய் என்னா கேப்பீங்க? இன்னும் மூணு மாசத்துல உங்க பேரப்பிள்ள பொறக்கப் போவுது. அது அழுவுறது கேக்க வேணாமா உங்களுக்கு?"

அவள் கேட்டது நியாயம். ஆனால் எனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருந்தது.

"கவிதா, இந்தக் காது எப்படியும் போற காதுதான். இன்னும் அஞ்சு வருசமோ, பத்து வருசமோ. தர்ஷினியே சொல்லிருச்சு. அதப் பொட்டியில வச்சுப் பூட்டி, ஒன்னும் கேக்காம காப்பாத்தி, கடைசியில ஒருநாள் காணாப் போறதவிட, எனக்கு வேணும்கிறதுக்கு ஒரு தடவ எடுத்துக்கிட்டுப் போறேனே."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. செல்வியிடம் மட்டும் பேசினாள். நான் சமாதானம் சொல்லவும் போகவில்லை, முடிவை மாற்றவும் இல்லை. இரண்டுமே கஷ்டமாகத்தான் இருந்தது.

செல்வி எந்தப் பக்கமும் சேரவில்லை. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நானும் வர்றேன்."

"உனக்குத்தான் பிடிக்காதே."

"நீங்க தனியாப் போனா அந்த மூடியக் கழட்டிருவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

காவலுக்கு வருகிறாள் என்று புரிந்தது. மறுபடியும் சிரம்பானுக்குப் போய் இன்னொரு டிக்கெட் வாங்கி வந்தேன்.

கச்சேரி அன்று காலையில் வாசலில் காடி வந்து நிற்கும் சத்தம். கவிதா. கையில் ஒரு சின்ன பாக்கெட். உள்ளே பஞ்சு அடைப்பான்கள், அரை டஜன் ஜோடி.

"கோவம் போகல. அதச் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு என்னை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தாள். "நல்லா உருட்டுங்க, மெலிசா. இன்னொரு கையால காத மேல இழுங்க. இப்ப உள்ள விடுங்க. முப்பது எண்ணுற வரைக்கும் விரலால அழுத்திக்கிட்டே இருங்க. ம்... எண்ணுங்கப்பா."

எண்ணினேன். இருபதைத் தாண்டும்போது அவள் குரல் மெல்ல மறைந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

உள்ளங்கை

சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பம், மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்கு முன்னால் முடித்துவிடுவார்கள் என்று போட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் கடல். மழைக்குப் பிறகு வெயில் வந்து தண்ணீர் மினுங்கியது. மேடையின் இடப்பக்கமாக, ஸ்பீக்கரை விட்டு விலகி, இரும்புத் தடுப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

வந்தார்கள். நாலு பேர் நடந்து வந்தார்கள். கித்தார் வாசிப்பவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முட்டி அறுவை செய்தவராம். பாடகர் ரப்பர் சிலிப்பர் போட்டிருந்தார். சர்க்கரை நோயில் இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். முடி மட்டும் அப்படியே இருந்தது, முழுவதும் வெள்ளையாக. கூட்டம் கையைத் தூக்கியது. வாய் எல்லாம் திறந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆரம்பித்தார்கள்.

டிரம் அடி தெரிந்தது. அது காதில் வரவில்லை. தடுப்பைப் பிடித்த கையில் வந்தது, செருப்பு வழியாக வந்தது, நெஞ்சுக்கூட்டில் வந்தது. அதற்கு மேல் தூரத்தில் ஒரு முனகல். அவ்வளவுதான். பாடகர் வாயைத் திறந்து மூடினார். கித்தார்காரரின் விரல் ஓடியது. சுற்றி நின்றவர்கள் குதித்தார்கள். சேறு தெறித்தது.

என்ன பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. மூன்று தடவை தவறவிட்டு, இத்தனை வருடம் பொறுத்திருந்து, மகளோடு சண்டை போட்டு, அவர்களுக்கு முன்னால் வந்து நிற்கிறேன். அது 'டெபு'வா, 'லோரி தெராக்கிரா', வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உதட்டைப் பார்த்தேன். மைக் மறைத்தது. கண் கலங்கியதைச் செல்வி பார்த்துவிடக் கூடாது என்று மேடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அவள் தடுப்பிலிருந்து என் இடது கையை எடுத்தாள். விரித்தாள். ஆள்காட்டி விரலால் உள்ளங்கையில் ஏதோ எழுதினாள். எனக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் மெதுவாக எழுதினாள்.

டெ. பு.

அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு மேடையைக் காட்டினாள்.

பெயர் தெரிந்த அந்த நொடியில் பாட்டு வந்துவிட்டது. என் தலைக்குள் ஹாசிமின் லோரியில் கேட்ட அதே பாட்டு, முதல் வரியிலிருந்து. காலுக்குக் கீழே டிரம் அதற்குச் சரியாக விழுந்தது. பாடகர் வாய் திறக்கும் இடமும் என் தலைக்குள் அவர் பாடும் இடமும் ஒன்றாகப் பொருந்தின. நான் குதித்தேன் என்று செல்வி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

அடுத்த பாட்டு. டிரம் நாலு அடி அடித்திருக்கும். கூட்டமே இன்னும் கண்டுபிடித்துக் கத்தவில்லை. செல்வியின் விரல் ஓடியது: லோரி.

அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒரு பாட்டைக்கூட அவள் தவறவிடவில்லை. இரண்டாவது கேசட்டின் பின்பக்கத்தில் கடைசியாக இருக்கும் ஒரு பாட்டை நானே மறந்திருந்தேன், அதையும் எழுதினாள்.

தர்ஷினி சொன்னபடி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்னைப் பின்னால், டீயை ஆற்றித் தேத்தாரே விற்கும் கூடாரம் வரை நடத்திக்கொண்டு போனாள். அங்கே வைத்து மூடியைத் தூக்கி, இடது காதுப் பஞ்சை உருவிக் கேட்டேன்.

"உனக்கு எப்பிடி எல்லாப் பாட்டும் தெரியுது?"

நான் கத்தியிருக்க வேண்டும். கூடாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி என் காதோரம் வாயை வைத்துச் சொன்னாள்.

"முப்பத்தி நாலு வருசமா வீட்ட இடிக்கிறாங்க. எந்தப் பக்கம் இடிக்கிறாங்கன்னு தெரியாதா?"

பெயர் இல்லாத பாட்டு

வெயில் சாய்ந்து கடல் சிவக்கும் நேரம். மேடையிலிருந்து மற்றவர்கள் இறங்கிப்போனார்கள். பாடகரும் நாற்காலியில் இருந்த கித்தார்காரரும் மட்டும் மிச்சம். மின்சாரக் கித்தாரை வாங்கிக்கொண்டு சாதாரண மரக் கித்தாரைக் கொடுத்தார்கள். பாடகர் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஏதோ சொன்னார். கூட்டம் அசையாமல் நின்றது.

செல்வி எழுத ஆரம்பிக்கவில்லை. மேடையையே பார்த்தாள். பிறகு என் கையை விரித்து எழுதினாள்: புது பாட்டு.

தெரிந்த பாட்டுக்கெல்லாம் காது தேவைப்படவில்லை, மூடிக்கொண்டே கேட்டுவிட்டேன். இந்தப் பாட்டு எந்தக் கேசட்டிலும் இல்லை, என் தலையிலும் இல்லை. இப்போது காதால் கேட்காவிட்டால், எனக்கு அது கிடையாது.

மூடியில் கை வைத்தேன். செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமாகப் பிடித்தாள். நான் இழுக்கவில்லை. அவளைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் அவ்வளவு கெஞ்சியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவள் மேடையில் இருந்த இரண்டு கிழவர்களையும் பார்த்தாள், சத்தம் தணிந்திருந்த பெரிய ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். பிறகு அவளே இரண்டு கையாலும் அந்த ஆரஞ்சு மூடியைத் தூக்கி என் கழுத்தில் இறக்கினாள். இடது காதுப் பஞ்சை உருவினாள். கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து, கருவியை என் கையில் கொடுத்தாள். ஒற்றை விரலை நீட்டிக் காட்டினாள். ஒரு பாட்டு மட்டும்.

விரல் ஈரம். கருவி வழுக்கியது. சேற்றில் விழுந்திருந்தால் அவ்வளவுதான். மாட்டி முடித்தபோது பாட்டின் ஆரம்பம் போய்விட்டது.

கேசட்டில் இருந்த குரல் இல்லை அது. உடைந்திருந்தது. மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் கீழேயே நின்று பாடினார். என் கருவிக்கு அந்தக் கீழ்க்குரல் ஒத்துப்போனது. தகரமும் ஆணியும் இல்லை. எல்லா வார்த்தையும் பிடிபடவில்லை. படகு என்றார். விற்றுவிட்டேன் என்றார். கயிறு என்றார். நடுவில் காற்று அடித்துச் சில வரிகளைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் கேட்டேன். கிலாட் செலாத்தானை நேரில், என் சொந்தக் காதால் கேட்டேன்.

முடிந்ததும் செல்வி மணிக்கட்டைத் தட்டினாள். கருவியைக் கழற்றி, பஞ்சை உருட்டி, முப்பது எண்ணி, மூடியை மாட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு நாள் காதுக்குள் பூச்சி கத்தியது. பயந்தேன், வெளியே சொல்லவில்லை. மூன்றாம் நாள் நின்றது. அடுத்த சோதனையில் தர்ஷினி பழைய சோதனைத் தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாற்றம் இல்ல அங்கிள், ஆனா இத வழக்கமா வச்சுக்காதீங்க" என்றாள். கவிதாவுக்கு ஆண் குழந்தை. அவன் அழுவது தெருவுக்கே கேட்கிறது, எனக்கும் கேட்கிறது.

ஆனால் அந்த நாளில் எனக்கு இன்னும் ஒன்று நடந்தது. அது வீட்டுக்குத் திரும்பும் வழியில்.

இருட்ட ஆரம்பித்திருந்தது. ரந்தாவ் பாதையில் இரண்டு பக்கமும் செம்பனை. நான் ஓட்டினேன். கருவியை மாட்டியிருந்தேன். நம் ஊர்க் காடியில் ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கத்தில்தான் அடுத்த இருக்கை. என் நல்ல காது செல்வி பக்கம்.

"அந்தப் புதுப் பாட்டு என்னா சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் கேட்டீங்களே."

"பாதிதான் கேட்டுச்சு."

"எந்தப் பாதி?"

சொன்னேன். ஒரு மீனவன், வயதானவன், படகை விற்றுவிட்டான், கையில் கயிற்று வாடை போகவில்லை. அவள் மிச்சத்தைச் சொன்னாள். விற்ற பிறகும் அலை ஏறுகிற நேரத்துக்கு அவனுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பொண்டாட்டி எழுந்து, ஒன்றும் கேட்காமல் காப்பி போட்டுக் கொடுக்கிறாள். அவன் குடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறான்.

"போயி?"

"தண்ணியில எறங்கி இடுப்பு வரைக்கும் போய் நிக்கிறான்."

"அப்புறம்?"

"அவ்ளோதான். நிக்கிறான்னு முடிச்சிட்டாரு. பின்னாடி கித்தார் மட்டும்தான்."

கொஞ்ச தூரம் போனோம். செல்வி ஜன்னலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். அந்தப் பாட்டின் மெட்டு. ஒரே தடவை கேட்டதை அப்படியே பிடித்து வைத்திருந்தாள். எஞ்சின் சத்தத்தில் பாதி மறைந்தது.

காடியைப் பாதையோரம் ஒதுக்கினேன். எஞ்சினை அணைத்தேன். ஜன்னல்களை ஏற்றினேன்.

"என்னாங்க ஆச்சு?" என்றாள்.

"ஆரம்பத்த நான் விட்டுட்டேன்" என்றேன். "மொதல்லேருந்து பாடு."

"நானா? எனக்கா பாட வரும்?"

"பாடு லா."

வெட்கப்பட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு பாடினாள், முதல் வரியிலிருந்து.